ரீமிக்ஸ் விருந்தியல்: ஓர் ஆய்வுரை

1. ஆய்வுச் சிக்கல்

ஹிப் ஹாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நன்றாகவே ஓடும். திடீரென்று அதற்கு ஒரு ரீமிக்ஸ் வரும். பாடியவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபீட்சரிங்' என்று இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் ஒட்டிக்கொள்ளும். அன்று மாலையே வழக்குத் தொடங்கிவிடும்: 'இதில் யார் அடித்தது?' பாட்டு நான்கைந்து நிமிடம். வழக்கு முப்பது வருடம். கிரேக் மேக்கின் 'ஃபிளேவா இன் யா இயர்' ரீமிக்ஸ் 1994இல் வந்தது. அதில் பாடிவிட்டுப் போன நான்கு விருந்தாளிகளில் யார் பெரியவர் என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை, வாய்தாதான் வந்துகொண்டிருக்கிறது.

இத்துறையில் இப்போது புழங்கும் மதிப்பீட்டு நெறி ஒன்றே ஒன்று. யாருடைய பகுதி வரும்போது கேட்பவர் கெட்டுப்போன சாம்பாரை முகர்ந்தவர்போல் முகம் சுளிக்கிறாரோ, அவரே வென்றவர். ஹிப் ஹாப் உலகில் முகச்சுளிப்புதான் உச்சகட்டப் பாராட்டு. ஆனால் சிலர் இயல்பாகவே முகம் சுளித்தபடி திரிபவர்கள் என்பதால் இந்த அளவுகோலை அறிவியல் ஏற்காது.

எனவே இவ்வாய்வு பின்வரும் கருதுகோளை முன்வைக்கிறது: ரீமிக்ஸை எடைபோட விருந்தாளியைப் பார்க்க வேண்டாம், விருந்தாளி வந்தபோது வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று பார்த்தால் போதும்.

2. ஆய்வின் எல்லை

ரீமிக்ஸ் என்பது முதலில் கருவிகளுக்கு முன்னால் அமர்ந்தவர்களின் வேலை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி பாடகரின் குரலை உருவிவிட்டு முழக்கத்தையும் எதிரொலியையும் வைத்தே புதுப் பாட்டுச் செய்தார். 1970களின் நியூயார்க்கில் டாம் மோல்டன் ஆடுபவர்களின் கால் ஓய்வதற்குள் பாட்டு முடிந்துவிடக் கூடாதென்று அதை இழுத்து நீட்டினார். 2002இல் பேட் பாய் என்ற இசை நிறுவனம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ரீமிக்ஸைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்பது அதன் தலைப்பு. பிறர் உழைப்பைத் தன் பெயரில் சமர்ப்பிக்கும் வழக்கம் ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது இதனால் பெறப்படும்.

எனினும் பேட் பாய்க்கு ஒரு நியாயம் உண்டு. இசையைக் கலைத்துப் போடுவதைவிட ஆட்களைக் கூட்டி வருவதே ரீமிக்ஸ் என்ற வழக்கத்தைப் பரப்பியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும்பங்கு. இவ்வாய்வு ஆள் சேர்க்கும் ரீமிக்ஸ்களோடும், அவற்றின் உடன்பிறப்பான விருந்தினர் பகுதிகளோடும் நின்றுகொள்கிறது.

3. அளவை

விருந்தாளிக்கு மரபாக ஒதுக்கப்படுவது பதினாறு பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு ஓடும் பீட்டில் இது சரியாக 40 விநாடி. இந்த 40 விநாடிக்குள் அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும்; ஊரைச் சொல்ல வேண்டும்; கையிருப்பைக் கோடிகாட்ட வேண்டும்; பெயர் சொல்லாத எதிரி ஒருவரைத் திட்ட வேண்டும்; நேரம் மிஞ்சினால் பாட்டின் பொருளையும் தொட்டுச் செல்லலாம். பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

4. விருந்தாளி வகை

4.1 மொய் விருந்தாளி. நீ என் பாட்டுக்கு வா, நான் உன் பாட்டுக்கு வருகிறேன் என்னும் ஒப்பந்தத்தில் இயங்குபவர். இவ்வகையின் தலைமகன் லில் வெய்ன். 2007 வாக்கில் அவர் கால் வைக்காத ரீமிக்ஸ் அரிது. யார் கூப்பிட்டாலும் போனார். 2008இல் அவரது 'த கார்ட்டர் III' முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஊரெல்லாம் எழுதிய மொய் வட்டியோடு திரும்பியதாகக் கொள்க.

4.2 முதல் பந்தி விருந்தாளி. வீட்டுக்காரருக்கு முன்னால் இலையில் உட்காருபவர். 2013இல் மீகோஸ் என்ற இளைஞர் மூவரின் 'வெர்சாச்சே' ரீமிக்ஸில் டிரேக் எடுத்த எடுப்பிலேயே வந்து உட்கார்ந்தார். அதோடு நில்லாமல், தட்டை மும்மூன்றாக அடுக்கிப் பாடும் அவர்களது நடையிலேயே பாடியும் காட்டினார். இது திருட்டா, மரியாதையா என்ற விவாதம் ஒருபுறம் கிடக்க, நாடே மூவர் பக்கம் திரும்பிப் பார்த்தது.

4.3 இடித்துக் கட்டும் விருந்தாளி. ஜெனிஃபர் லோபஸின் 'ஐம் ரியல்' பாட்டுக்கு 2001இல் ஜா ரூல் வந்தார். அவர் போனபோது பழைய மெட்டும் இல்லை, பழைய வரிகளும் இல்லை. தலைப்பு மட்டும் வாசலில் தொங்கியது. பழையதும் புதியதும் ஒரே பாட்டாகக் கணக்கிடப்பட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. அடுத்த ஆண்டு பில்போர்டு இதழ் விதியைத் திருத்தியது: மெட்டே வேறென்றால் கணக்கும் வேறு.

4.4 வம்பு விருந்தாளி. 2013இல் பிக் ஷானின் 'கண்ட்ரோல்' பாட்டுக்கு வந்த கென்ட்ரிக் லாமார், சமகால ராப்பர்கள் பதினொரு பேரைப் பெயர் சொல்லி, அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைப்பதாக முழங்கினார். பட்டியலில் அதே பாட்டில் பாடும் ஜே எலெக்ட்ரானிகாவும் இருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்த பிக் ஷானும் இருந்தார். அந்தப் பாட்டை இன்றும் பலர் கென்ட்ரிக்கின் பாட்டு என்றே சொல்கிறார்கள்.

இவ்வகையின் விளைவுகளை ஆராய 2023-24 சிறந்த களம். டிரேக்கின் 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' பாட்டுக்கு விருந்தாளியாக வந்த ஜே. கோல், ராப் உலகின் பெரிய மூவர் நான், டிரேக், கென்ட்ரிக் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். கென்ட்ரிக்குக்கு அந்தக் கூட்டணி பிடிக்கவில்லை. 2024 மார்ச்சில் ஃப்யூச்சரும் மெட்ரோ பூமினும் வெளியிட்ட 'லைக் தட்' பாட்டுக்குத் தானும் விருந்தாளியாக வந்து, மூவரெல்லாம் இல்லை, ஒருவன்தான் என்று முடித்தார். ஜே. கோல் ஒரு பதில் பாட்டு விட்டார். சில நாளிலேயே சொந்த விழா மேடையில் நின்று வருத்தம் தெரிவித்து, அந்தப் பாட்டையும் நீக்கிக்கொண்டு நழுவினார். மாட்டிக்கொண்டவர் டிரேக். அந்தச் சண்டையில் பிறந்த கென்ட்ரிக்கின் 'நாட் லைக் அஸ்' 2025இல் ஐந்து கிராமி விருதுகளைக் கொண்டுபோனது. பேசியது ஒரு விருந்தாளி, பதிலடி தந்தது இன்னொரு விருந்தாளி, அடி வாங்கியது வீட்டுக்காரர்.

4.5 அடுக்களை விருந்தாளி. இவ்வகை மிக அரிது. 2020 ஏப்ரலில் மேகன் தி ஸ்டாலியனின் 'சாவேஜ்' ரீமிக்ஸுக்கு வந்தவர் பியான்சே; இருவருக்கும் ஊர் ஹூஸ்டன். இந்த ரீமிக்ஸைக் காதில் கருவி மாட்டிக் கேட்க வேண்டும். மேகன் பாடும் இடங்களில் பின்னால் ஒரு குரல் வரி முடிவுகளைப் பிடித்துக்கொள்கிறது. இடையிடையே ஆமாம் போடுகிறது. மெல்லிய சுருதியில் அடியில் விரிகிறது. அது பியான்சேதான். அவ்வளவு பெரிய ஆள் தன் பங்கை முடித்துக்கொண்டு கிளம்பாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்ப் பரிமாறவும் செய்திருக்கிறார்.

5. கருதுகோள் சோதனை

'சாவேஜ்' ரீமிக்ஸில் முகச்சுளிப்பு நெறிப்படி வென்றவர் பியான்சே. ஆனால் நம் கருதுகோள் மேகனைப் பார்க்கச் சொல்கிறது. அவர் பழைய வரிகளை அப்படியே ஓடவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புதிதாக எழுதி, மூச்சுவிட இடம் தராமல் பாடினார். பாட்டு முதலிடம் போனது. 2021 கிராமியில் சிறந்த ராப் பாட்டானது. மேகன் மேகனாகவே வெளியே வந்தார். கருதுகோளுக்கு ஒரு சான்று.

எதிர்ச்சான்று கிரேக் மேக். அவரும் சும்மா இருக்கவில்லை. புதுப் பகுதி பாடினார். ஆனால் முதல் இலையில் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி., கடைசி இலையில் பஸ்டா ரைம்ஸ், நடுவில் ரேம்பேஜும் எல்எல் கூல் ஜேவும். கிரேக் மேக்கைப் போலவே பி.ஐ.ஜி.யும் பேட் பாய் ஆள். அதே செப்டம்பரில் இருவரது ஆல்பமும் ஒரு வார இடைவெளியில் வெளிவந்தன. இருவர் பெயரையும் ஒட்டி 'பிக் மேக்' என்று நிறுவனம் விளம்பரமும் செய்தது. சில காலத்தில் 'பிக்' வளர்ந்தது, 'மேக்' விலகியது. கூப்பிட்ட குரல் கிரேக் மேக்குடையதல்ல, பேட் பாய் முதலாளியுடையது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யார் வர வேண்டும், யார் முதலில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவரே உண்மையான வீட்டுக்காரர்.

இந்தத் திருத்தத்தோடு லில் நாஸ் எக்ஸை அணுகினால் பல முடிச்சுகள் அவிழும். 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து 2019 மார்ச்சில் பில்போர்டு நீக்கியது. கன்ட்ரி லட்சணம் போதவில்லையாம். ஏப்ரலில் அவர் கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸை அழைத்து வந்தார். அதன்பின் ராப்பர் யங் தக் வந்தார். வால்மார்ட் கடையில் குரலைத் தாவவிட்டு யோடல் பாடிப் பெயர் பெற்ற சிறுவன் மேசன் ராம்சே வந்தான். கொரியாவின் பிடிஎஸ் குழுவிலிருந்து ஆர்எம் வந்தார். கடைசியில் சொன்னவர் வெறுங்கையோடு வரவில்லை. கௌபாய் பாட்டுக்குள் 'ஹோமி' என்ற கொரியக் களைக்கொத்தைக் கொண்டுவந்து வைத்தார். கொரியக் கிழவிகள் குந்தி உட்கார்ந்து பூண்டுப் பாத்தியில் களை எடுக்கும் வளைந்த அலகுக் கருவி அது. குதிரையில் வந்தவர்கள் நடுவே களைக்கொத்தோடு வந்த விருந்தாளிக்கு இவ்வாய்வு சிறப்பு மதிப்பெண் வழங்குகிறது.

இத்தனைக்கும் நடுவில் லில் நாஸ் எக்ஸ் தன் வரிகளை மாற்றவே இல்லை. ஆனாலும் பாட்டு 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்து, 16 வாரம் என்ற பழைய சாதனையை முறியடித்தது. காரணம், அவரது அழைப்பு ஒவ்வொன்றும் ஒரு வாதம். கன்ட்ரி இல்லை என்றார்கள், ஒரு கன்ட்ரிக்காரரைக் கூட்டி வந்தார். அதன்பின் வாதம் தேவைப்படாதபோதும் பழக்கத்தில் கூட்டி வந்தார்.

6. முடிவுகள்

ஒன்று: விருந்தாளியின் திறமை ரீமிக்ஸின் தரத்துக்குச் சான்றாகாது. நிக்கி மினாஜ் பத்தாண்டு தாண்டியும் எட்டாத முதலிடத்தை 2020இல் எட்டியது டோஜா கேட்டின் 'சே ஸோ' ரீமிக்ஸில், அடுத்த வீட்டில்தான். அந்த வாரம் அவருக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் நின்றது 'சாவேஜ்'.

இரண்டு: வீட்டுக்காரர் புதிதாக எழுதினால் நன்று, எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

மூன்று: யாரை, எதற்காக, எந்த வரிசையில் அழைத்தார் என்பதே முடிவான அளவுகோல். அழைப்பே கலை, மற்றவை பரிமாறல்.

இம்மூன்றாம் முடிவை அதன் எல்லைவரை இழுத்துப் பார்ப்பது ஆய்வாளர் கடமை. அழைப்பே கலை என்றால், அழைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவரே தலைசிறந்த கலைஞர் ஆவார். அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் டிஜே காலித். 'ஐம் ஸோ ஹுட்' பாட்டிலேயே அவர் ராப் பாடவில்லை. அதன் ரீமிக்ஸுக்கு லுடாக்ரிஸ், பஸ்டா ரைம்ஸ், பிக் பாய், லில் வெய்ன் என்று ஒரு பட்டாளத்தை அழைத்து, அங்கேயும் பாடாமல், அவர்களுக்கு இடையில் உரக்கக் கூவிக்கொண்டிருந்தார். கருதுகோள் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. அதை நிறுவிக்கொடுத்தவர் டிஜே காலித் என்பதால் பட்டம் யாருக்கு வழங்கப்பட வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யட்டும்.