மாமனாரும் 60 யூனிட்டும்

சிங்கப்பூரில் பதிவான காரை எல்லை தாண்டி ஜோகூருக்கு ஓட்டிப்போக வேண்டுமானால், பெட்ரோல் டாங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். 1989-இல் அரை டாங்க் என்று ஆரம்பித்து, 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. காலி டாங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வருகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம். முள் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லையே இல்லை. பேட்டரியில் 4 சதவீதத்தை வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கம்பீரமாகக் கடக்கலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை.

சிக்கலே அதுதான். அரசாங்கம் கவலைப்படாத விஷயத்துக்கு வீட்டில் யாராவது ஒருவர் முழுநேரமாகக் கவலைப்பட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு.

போக நினைத்தது பினாங்குக்கு. சுமார் 700 கிலோமீட்டர். எங்கள் காரின் பேட்டரி 60 கிலோவாட்மணி, வீட்டு மொழியில் 60 யூனிட். ஒருமுறை முழுசாக ஏற்றினால் 420 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஓட்டிய கணக்கு. ஆய்வுக்கூடத்தில் என் அத்தை கிடையாது, அத்தையின் தலையணை கிடையாது, 110-இல் பறக்கும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் கிடையாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைக் கிழிக்க மட்டும் ஆகிற செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே 420-ஐ நான் மனதுக்குள் 330 ஆக்கினேன். மனைவி அதை 280 ஆக்கினாள். அவள் எப்போதும் என் சம்பளத்தையும் இப்படித்தான் கணக்கில் எடுத்துக்கொள்வாள், இதுவரை தப்பியதில்லை.

காரைத் தயார் செய்வது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இன்ஜின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, ஃபேன் பெல்ட் இல்லை. டயரில் முழு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரைப் பார்த்து அடித்து, வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றினால் கார் தயார். அதற்குப் பிறகு தயார் செய்ய வேண்டியது கைப்பேசியை.

பெட்ரோல் பங்க்கில் காசை நீட்டினால் போதும். சார்ஜருக்கு நாம் யார் என்று தெரிய வேண்டும். மலேசியாவில் சார்ஜிங் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஒரு கடவுச்சொல், முன்பணம் போட ஒரு பணப்பை. ஓரிடத்தில் யூனிட்டுக்கு இவ்வளவு ரிங்கிட், இன்னோரிடத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு. ஒன்றில் முன்பதிவு உண்டு, மற்றொன்றில் முந்தினவருக்கே. என் பிறந்த தேதியை இத்தனை பேர் ஒரே ராத்திரியில் விசாரித்தது ஜாதகம் கொண்டுபோன காலத்தில்கூட நடக்கவில்லை. நல்லவேளை, பிளக் விஷயத்தில் இரண்டு நாடும் ஒத்துப்போகின்றன. வேக சார்ஜர் என்றால் இங்கேயும் சிசிஎஸ்2, அங்கேயும் சிசிஎஸ்2.

நெடுஞ்சாலையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வரைபடத்தில் ஓய்விடம் ஒன்றுதான் போலத் தெரியும். சார்ஜர் தெற்கே போகிறவர்கள் பக்கம் இருக்கும். நாம் வடக்கே போகிறவர்கள். நடுவில் தடுப்பு. சார்ஜரைக் கண்ணால் பார்க்கலாம், கையசைக்கலாம், அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு சார்ஜரும் எந்தப் பக்கம், கடைசியாக யார் அதில் ஏற்றினார்கள், அது படுத்துவிட்டால் அடுத்தது எத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணை போட்டேன். மகள் அதற்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தாள்.

தங்கப்போகிற விடுதிக்கும் போன் போட்டு, “உங்களிடம் சார்ஜர் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்கு சார், ரிசப்ஷன்லயே குடுப்போம். டைப் சி-யா, ஐபோனா?” என்றார் அந்தப் பெண். காருக்கு என்றதும் வெகுநேரம் மௌனம். கடைசியில், கார் நிறுத்துமிடத்துச் சுவரில் மூன்று முள் பிளக் பாயின்ட் ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னார். அதில் மணிக்கு இரண்டு யூனிட் சொச்சம் ஏறும். காலி பேட்டரி நிறைய ஒரு முழு நாளும் போதாது. வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் அதையும் அட்டவணையில் சேர்த்தேன்.

காகித வேலைகள் தனி. மலேசிய வாகன நுழைவு அனுமதியின் ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், சுங்கத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் இருப்பு, காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண். மாமாவின் சிங்கப்பூர் விசாவில் திரும்பி உள்ளே வர இடமிருக்கிறதா என்றும் பார்த்துவைத்தேன். இல்லையென்றால் ஜோகூரில் வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

மாமா என்றது என் மாமனாரை. கும்பகோணம் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலேயே சேர்ந்தவர். பேரப்பிள்ளையைப் பார்க்க அத்தையோடு வந்திருந்தார். பயணம் என்றதும் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “வண்டியை ஒரு பார்வை பாத்துடலாம் மாப்பிள்ளை” என்று கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிட்டார்.

பானெட்டைத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் வந்து பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்களைத் தொடப்போனவரைப் பிடித்து நிறுத்தினேன். அது உயர் மின்னழுத்தக் கேபிள், தொட வேண்டாம் என்பதற்குத்தான் அந்த நிறமே.

“இன்ஜின் எங்க?”

“இல்லை மாமா.”

“கியர் பாக்ஸ்?”

“ஒரே கியர்தான்.”

“க்ளட்ச்?”

நான் பேசாமல் நின்றேன். நாற்பது வருஷம் பழகிய ஊருக்குத் திரும்பிப் போய், ஒரு வீட்டில்கூடத் தெரிந்த ஆள் இல்லை என்று நிற்கிறவரைப் போல நின்றார். அப்போதுதான் மூலையில் அது கண்ணில் பட்டது. சின்னதாக, இரண்டு டெர்மினலோடு, சாதாரண 12 வோல்ட் பேட்டரி.

“அட, நீ இங்கதான் இருக்கியா!” என்றார் அதைப் பார்த்து.

கார் ஓட 60 யூனிட் இருந்தாலும், கதவுப் பூட்டையும் கணினியையும் எழுப்பிவிடுவது இந்தச் சின்ன பேட்டரிதான். இது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. இதை நான் சொன்னதும் மாமாவின் முகத்தில் இழந்த உத்தியோகம் திரும்பக் கிடைத்த களை. டெர்மினலை அசைத்துப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். வாஸ்லின் இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவரும் அந்த பேட்டரியும்தான்.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?”

“முடியாது மாமா.”

“சரி, ஸ்டெப்னி எங்க?”

இல்லை. இந்த மாதிரி கார்கள் பலவற்றில் கிடையாது. பஞ்சரை அடைக்கிற பசையும் காற்றடிக்கிற குட்டிப் பம்பும் கொடுத்துவிடுகிறார்கள். மாமா அந்தப் பசைப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் வைத்தார். மறுநாள் தேக்கா பக்கம் போய்க் கயிறு வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல நைலான் கயிறு.

“இந்தக் காரைக் கட்டி இழுக்கக் கூடாது மாமா” என்றேன். சக்கரம் உருண்டால் மோட்டாரும் கூடவே சுழலும். சுழன்றால் அது மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்துவிடும். நின்றுபோனால் தட்டை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கையேட்டையே எடுத்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார், தலையாட்டினார். கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது அவருக்கு இன்னொரு கணக்கு வந்தது. “ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுல பாதிக்கு மேல இந்த வண்டி ஒரே ராத்திரில குடிச்சிடுமா?” ஆமாம் என்றேன். கும்பகோணத்து வீட்டில் காலி அறையில் எரியும் லைட்டை அணைத்துக்கொண்டே வாழ்ந்த மனிதர். அன்றிலிருந்து பேச்செல்லாம் யூனிட்டில்தான். போகிற வழியில் கெந்திங் மலைக்கும் ஏறலாமே என்று மனைவி ஆரம்பித்தபோது அவரே காகிதம் எடுத்தார். இரண்டு டன் வண்டியை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய 10 யூனிட். “இறங்கும்போது மோட்டாரே பிரேக் மாதிரி வேலை செஞ்சு கொஞ்சம் திருப்பிக் குடுத்துடும் மாமா” என்றேன். பஸ்ஸின் பிரேக் லைனிங் தேய்ந்து தேய்ந்து மாற்றியே முதுகு போனவர் அவர். அன்றுதான் முதல்முறையாக அந்தக் காரை மதித்தார்.

அத்தையை நாங்கள் குறைவாக எடைபோட்டிருந்தோம். காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுத்து மற்ற சாமான்களை ஓட்டலாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அதற்கான அடாப்டர் டிக்கியில் சும்மா கிடந்தது. உடனே புளிச்சாதத் திட்டம் ரத்து. ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப்பொடி, இண்டக்‌ஷன் அடுப்பு, தோசைக்கல் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. நான் மறுக்கவில்லை, கணக்கைச் சொன்னேன். ஒரு குக்கர் சாதத்துக்கு சுமார் 2 கிலோமீட்டர். எல்லாருக்கும் தோசை என்றால் 3, 4 கிலோமீட்டர். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரசம் வெச்சா?” என்றார். ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் என்றேன். “அப்ப ரசம் வெச்சுக்கலாம். பினாங்குக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி நின்னா நடந்து போயிடலாமே.” தோசைக்கல்லை மட்டும் கெஞ்சி இறக்கினேன். கூரைமேல் பெட்டி வைக்கும் யோசனையை மனைவியே தடுத்தாள். காற்றெதிர்ப்பு ஏறினால் அவளுடைய 280-ம் பொய்த்துவிடும்.

பூசையில்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். பல மாடி கார் நிறுத்துமிடத்தில் விடியுமுன் ஒளிந்து செய்ய வேண்டியதாயிற்று. சந்தனப் பொட்டு எங்கே வைப்பது என்று ஒரு சர்ச்சை. பானெட்டில் என்றார் அத்தை. அங்கேதான் ஒன்றுமே இல்லையே, சார்ஜிங் மூடியில் வையுங்கள் என்றாள் மனைவி. மாமா இருவரையும் விலக்கிவிட்டுப் பானெட்டைத் திறந்து 12 வோல்ட் பேட்டரிக்கு வைத்தார். கற்பூரம் ஏற்றினோம். புகையே விடாத அந்த வண்டியைச் சுற்றி வந்த முதல் புகை அதுதான். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியபோது, இன்ஜின் சத்தம் இல்லாததால், பழம் நசுங்குவது நாலாவது மாடிவரை கேட்டிருக்கும்.

ஜோகூர் கடற்பாலத்தில் வழக்கமான நெரிசல். முன்பெல்லாம் அங்கே நிற்கும்போது பெட்ரோல் எரிவதை நினைத்து வயிறும் எரியும். இப்போது ஏசி மட்டும்தான் ஓடுகிறது. மணிக்கு ஒரு யூனிட் சொச்சம். “அரைப் பானை சாதம்கூட ஆகலியே” என்று அத்தை கணக்குச் சொன்னார், தப்பாக. யாரும் திருத்தவில்லை.

மலாக்கா திருப்பத்தைத் தாண்டி ஓர் ஓய்விடத்தில் முதல் நிறுத்தம். சார்ஜர் சரியான பக்கத்தில் இருந்தது, வேலையும் செய்தது, செயலியும் என்னை அடையாளம் கண்டுகொண்டது. 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்தேன். அதற்கு மேல் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும், காத்திருப்பது வீண். கார் சொன்ன நேரத்துக்கு முடித்துவிட்டது. மற்றவர்கள் முடிக்கவில்லை. மகள் ஐஸ்கிரீம் வரிசையில். அத்தை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ஏற்றி முடித்தும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கைப்பேசி எச்சரிக்கத் தொடங்கியது. மாமாவைத் தேடினேன். காரின் பின்பக்கம், தமிழ் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய் மாத்த வேணாமா ஐயா, இந்தக் காடிக்கு?”

“எண்ணெயே கிடையாது தம்பி.”

“இன்ஜின் சூடு?”

“இன்ஜினே கிடையாது.”

ஓட்டுநர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “சரி ஐயா, நடுவழியில பேட்டரி முடிஞ்சுபோச்சுன்னா?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிக்கிக்குள் குனிந்து, ரைஸ் குக்கரைத் தூக்கினார். உள்பாத்திரத்துக்குள் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது நைலான் கயிறு.

“என் லாரில கொக்கி இருக்கு ஐயா, நானும் ஈப்போதான் போறேன்” என்றார் ஓட்டுநர்.