கடக்கரை ரோட்டுல கடலைக் காணோம்!

ஏ மருமவனே, மெட்ராஸ்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடக்கரையோரமா குடும்பத்தோட கார்ல போறதுக்கு நீ போட்டு அனுப்பின திட்டத்தைப் பேரன் போன்ல காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சேன். கட்டம் கட்டமா, கலர் கலரா, பஞ்சாங்கம் தோத்துது போ! போக 3 நாளு, திரும்ப 1 நாளு, நடுவுல 19 ஊரு, ஏழு பேர் உக்காருத வண்டியில எட்டுப் பேரு. தனுஷ்கோடிக்கு 25 நிமிஷம், தரங்கம்பாடிக்கு 15 நிமிஷம். ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட நேரம் குறிச்சிருக்க. என் தங்கச்சி சக்கரை வியாதிக்காரி. உன்னைப் பெத்த பாவத்துக்கு அவ கட்டம் பாத்துத்தான் வண்டியை விட்டு இறங்கணுமாக்கும்.

திட்டத்துல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. எல்லாம் இருக்கு. கடல் மட்டுந்தான் இல்ல.

முதல்ல தேதிக்கு வருவோம். மே மாசம் ரெண்டாவது வாரம்னு போட்டிருக்க. பிள்ளையளுக்கு லீவு, உனக்கு லீவு, சூரியனுக்கு மட்டும் லீவு கிடையாது. கத்திரி வெயில்ல மத்தியானம் 1 மணிக்கு மாமல்லபுரத்துப் பாறையில செருப்பில்லாம நின்னு பாரு. பல்லவராசா எதுக்கு மெனக்கெட்டு மலையைக் குடைஞ்சு மண்டபம் செஞ்சார்னு அப்பத் தெரியும். நெழலுக்குத்தாம்லே!

அதைவிட ஒண்ணு. ‘ஒவ்வொரு ஊர்லயும் அன்னைக்குப் பிடிச்ச மீன்’னு எழுதியிருக்க. படிக்கும்போதே எனக்கு எச்சி ஊறிச்சு. ஆனா ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு நம்ம கிழக்குக் கடல்ல விசைப்படகு போகக் கூடாதுன்னு அரசாங்கத்துத் தடை இருக்கே, அது உன் கட்டத்துல எந்தக் கலரு? மீனு குஞ்சு பொரிக்குத காலம்னு விட்டு வச்சிருக்காவ. நாகப்பட்டினத்துலயும் தூத்துக்குடியிலயும் போட்டெல்லாம் வரிசையாக் கட்டிக் கிடக்கும். ஆளுக வலை பொத்திக்கிட்டும் எஞ்சினைக் கழத்திக்கிட்டும் இருப்பாவ. நாட்டுப்படகு மட்டும் போயிட்டு வரும், அது கொண்டாறது உள்ளூருக்கே காணாது. மேக்குக் கடல்ல தடை ஜூன்லதான் தொடங்கும். அதனால நாகப்பட்டினத்து ஓட்டல்ல உன் எலையில விழுத துண்டு, கேரளாவுல லாரி ஏறி ஐஸ்பெட்டியில படுத்து வந்ததா இருக்கும். அந்த மீனும் டூரு வந்திருக்கு, நீயும் டூரு வந்திருக்க. ரெண்டு பேருக்கும் ஊரு புதுசு.

அப்ப அக்டோபர்ல போறேன்னு சொல்லுவ. அக்டோபர் பாதியில வடகிழக்குப் பருவமழை இறங்கினா டிசம்பர் வரைக்கும் இந்தக் கரை நனைஞ்சுகிட்டேதான் இருக்கும். புயல் வந்தா முதல்ல வாங்குறதும் இந்தக் கரைதான். நீ ரூம் எடுத்த துட்டும் போயி, ரூமுக்குள்ள தண்ணியும் வந்துரும். அதனால தையில வா. பொங்கல்ல இருந்து மாசி முடிய மழை ஓஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கோடியக்கரையில வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்து நிக்கும். பொங்கல் லீவோட ரெண்டு நாளு சேத்து எடு. பள்ளிக்கூடத்துல காரணம் கேட்டா, ஊர்ல மாமாவுக்கு முடியலன்னு சொல்லு. நான் படுத்துக்கிடுதேன். காணும் பொங்கல் அன்னைக்கு மட்டும் மாமல்லபுரம் பக்கம் தலை வச்சிராத. அலையை எண்ணுததுக்கு முன்ன தலையைத்தான் எண்ணணும்.

இனி வழி. கன்னியாகுமரின்னு தட்டினதும் போன்ல பேசுத அம்மா உன்னைத் திருச்சி, மதுரை வழியா நாலுவழிச் சாலையில ஏத்தி விட்டுருவா. அவளைக் குத்தம் சொல்லாத. சீக்கிரமாக் கொண்டு சேக்கணும், அதுதான் அவ சோலி. அந்த வழியில கடல்ல விளைஞ்ச பொருள்னு உனக்குக் கிடைக்குறது சாம்பார்ல போட்ட உப்பு ஒண்ணுதான். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி, ராமநாதபுரம்னு ஊர் ஊரா அவளுக்குச் சொல்லிக் குடு. 800 கிலோமீட்டர் பக்கம் வரும். பாதி வழி ஊருக்குள்ள புகுந்து போறது. தை, மாசியில டெல்டாவுல அறுவடை. நெல்லை ரோட்டுலயே காயப் போட்டிருப்பாவ. ஆரன் அடிக்காத. அவிய சோறு, நீ ஒதுங்கிப் போ.

வழியைச் சரியாப் பிடிச்சாலும் கடல் தெரியும்னு நினைக்காத. திருவான்மியூரைத் தாண்டினா பங்களாச் சுவரு. அது முடிஞ்சா ரிசார்ட்டுச் சுவரு. சுவரு முடிஞ்ச இடத்துல சவுக்குத் தோப்பு. மரக்காணத்துல உப்பளம், கடலூருக்குத் தெக்க வயலு. கடல் பாட்டுக்குத் தள்ளிக் கிடக்கும். முட்டுக்காட்டுப் பாலத்துல கொஞ்சம் எட்டிப் பாக்கும், பாம்பன் பாலத்துல முழுசாத் தெரியும். மத்தபடி நீ வண்டியை எடப்பக்கம் ஒடிச்சு, குப்பத்துச் சந்துல இறங்கினாத்தான் உண்டு. அப்படி ஒடிக்கதுக்கு உன் கட்டத்துல ஒரு அஞ்சு நிமிஷம் இல்ல.

தெக்க போவையில கடல் எடப்பக்கம், நம்ம வண்டியும் எடப்பக்கம். எதிர்வண்டியை மறிக்காம சந்துக்குள்ள இறங்கலாம். திரும்பையில ஒவ்வொரு தடவையும் ரோட்டைக் குறுக்க வெட்டணும். அதனால பாக்க வேண்டியதைப் போகும்போதே பாத்துரு, திரும்பும்போது அந்த அம்மா சொல்லுத திருச்சி வழியில வந்துரு, அவளுக்கும் ஒரு மரியாதை வேணும்லா. முன்சீட்டு எடப்பக்கம் கடல் பாக்க வாகான இடம். அதுல உன் அம்மையை உக்கார வை. உன் வீட்டுக்காரி மொகத்தைத் தூக்குவா. ‘பின்னால ஏசி நல்லா வரும்’னு சொல்லிப் பாரு. நம்ப மாட்டா, ஆனா சொல்லணும்.

புதுச்சேரிக்கு 2 மணி நேரம் ஒதுக்கி, பக்கத்துல ‘சாமான் வாங்க’ன்னு எழுதியிருக்க. என்ன சாமான்னு எனக்குத் தெரியும், உன் அம்மைக்குத்தான் தெரியாது. கடலூர் எல்லையில தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஸ்டெப்னி டயருக்குள்ள கையை விட்டு எடுக்கும்போது அவளுக்கும் தெரிஞ்சுபோவும். தப்பிச்சாலும் காரைக்காலும் புதுச்சேரிக்குச் சேந்ததுதான், அங்க இன்னொரு எல்லை காத்துக்கிட்டு நிக்கும். சாமானை விடு. சாயங்காலம் அந்த ஊர்க் கடக்கரை ரோட்டுல வண்டி போக விட மாட்டாவ. பிள்ளையளை அவுத்து விட்டுட்டு நீயும் உன் வீட்டுக்காரியும் பைய நடங்க. பேச எவ்வளவோ பாக்கி இருக்கும்.

தரங்கம்பாடிக்குப் பதினஞ்சு நிமிஷம் போட்டியே, அதுக்குத்தாம்லே எனக்குக் கோவம். 1620-ல தஞ்சாவூர் ராசாகிட்ட இடம் வாங்கி டென்மார்க்குக்காரங்க கட்டின கோட்டை, இன்னும் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கி. பக்கத்துலயே கடல் அரிச்ச மாசிலாமணிநாதர் கோயில். 1706-ல சீகன்பால்குன்னு ஜெர்மன்காரர் ஒருத்தர் அங்க வந்து இறங்கி, தமிழ் படிச்சு, அச்சுக்கூடம் போட்டு, பைபிளோட புதிய ஏற்பாட்டையே தமிழ்ல அச்சடிச்சார். உன் மவன் பஸ்ல இருக்க போர்டை என்னை வாசிக்கச் சொல்லுதான். அவனை ஒரு ராத்திரி அந்த ஊர்ல தங்க வை. அந்தக் காத்து பட்டாவது ‘ழ’ வருதான்னு பாப்போம்.

அடுத்து சாமி. உன் அம்மை தன் பங்குக்கு ஒரு பட்டியல் வச்சிருக்கா, உனக்குக் காட்டல, எனக்குக் காட்டிட்டா. திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, எல்லாம் அடுத்தடுத்து வாரது. உனக்கு எந்த சாமி வேலை குடுத்தாருன்னு அவளுக்குச் சரியா நினைப்பில்லையாம், அதனால எல்லாருக்கும் வேண்டுதல் பாக்கி. நீயும் திருநள்ளாறு போட்டிருக்க: சனிக்கிழமை, 30 நிமிஷம். சனீஸ்வரரே சிரிச்சிருப்பார். செருப்பு விட இடம் தேடவே உனக்கு அது பத்தாது. வேற கிழமை வை. திருக்கடையூருக்கு மத்தியானம் 2 மணி குறிச்சிருக்கது அதைவிட விசேஷம். உச்சிப் பூசை முடிஞ்சு நடை சாத்தினா சாயங்காலம்தான் தெறப்பாவ. அது வரைக்கும் நீ கதவைத்தான் கும்பிடணும். கோயில் காலையில, கடல் சாயங்காலம்னு வச்சுக்கோ.

நாகப்பட்டினத்துல, வேளாங்கண்ணியில கடக்கரைக்குப் போறப்ப மட்டும் கொஞ்சம் சத்தம் கொறைச்சுப் பேசச் சொல்லு. 2004 டிசம்பர் 26 காலையில வந்த சுனாமியில தமிழ்நாட்டுலயே அந்த மாவட்டம்தான் அதிகமா உசுரைப் பறிகுடுத்துச்சு. பிள்ளையளுக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

அங்கேருந்து தெக்க, பட்டுக்கோட்டைப் பக்கம் மனோரா. எட்டு நெலைக் கட்டடம். சீமையில நெப்போலியனை வெள்ளைக்காரன் செயிச்சான்னு 1814-ல தஞ்சாவூர் சரபோஜி ராசா இங்க கட்டி வச்சார். யாரோ யாரையோ அடிச்சதுக்கு நம்ம செலவுல கோபுரம்! நீ கிரிக்கெட்டுக்கு வெடி போடுதவந்தான், உனக்கு இது புரியும். அதுக்கப்புறம் ராமநாதபுரம் வரைக்கும் ரோடு நல்லா ஓடும், வயிறுதான் ஓடாது. நினைச்ச இடத்துல கடை கிடைக்காது. பெட்ரோலை நிரப்பிக்கோ, புளிச்சோறு கட்டிக்கோ. ஓட்டல் கண்ணுல பட்டா ‘வஞ்சிரம் இருக்கா’ன்னு கேக்காத, ‘இன்னைக்கு என்ன வந்துச்சு’ன்னு கேளு. சாளைன்னு சொன்னா சாளையைத் தின்னு. உன் ஆபீஸ்ல யாரும் பாக்கப் போறதில்ல.

பாம்பன்ல ஒரு தாக்கீது. 1988-ல தெறந்த ரோட்டுப் பாலம் அது, கார் நிறுத்துத மைதானம் இல்ல. நடுப்பாலத்துல நிறுத்திக் குடும்பத்தோட படம் பிடிச்சா பின்னால ராமேஸ்வரமே நிக்கும். கீழ 2025-ல தெறந்த புது ரயில் பாலத்தை முன்சீட்டுக்காரி பாத்துச் சொல்லட்டும், நீ ரோட்டைப் பாரு.

தனுஷ்கோடிக்கு 25 நிமிஷம்! 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஒரு ஊரே போச்சு, ஆளோட ஒரு ரயிலே போச்சு. இடிஞ்ச மாதா கோயிலையும் ஸ்டேஷனையும் பாக்கவே ஒரு மணி நேரம் வேணும். 2017-லதான் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாவ. பொழுது சாயுமுன்ன ஆளை வெளிய அனுப்பிருவாவ, அதனால வெள்ளனப் போயிரு. அங்க வடக்க இருக்கதைப் பெண் கடல்ம்பாவ, தெக்க இருக்கதை ஆண் கடல்ம்பாவ. ஒண்ணு அமந்திருக்கும், மத்தது கொந்தளிச்சுக்கிட்டு நிக்கும். காத்து மாறினா ரெண்டும் குணத்தை மாத்திக்கிடும். அதனால எங்கயும் உள்ளூர்க்காரன் ஒருத்தனைக் கேக்காமப் பிள்ளையளைத் தண்ணியில இறக்காத. நீச்சல் கிளாஸ்ல வாங்கின மெடலெல்லாம் கடலுக்கு வாசிக்கத் தெரியாது.

கடைசியா நம்ம பக்கம். தூத்துக்குடியில மக்ரூன் வாங்க 10 நிமிஷம், திருச்செந்தூர்ல கும்பிட 40 நிமிஷம், அப்படியே கன்னியாகுமரிக்கு ஒரே ஓட்டம். நடுவுல இருக்க மணப்பாட்டைக் காணோம். 1542-ல சவேரியார் வந்து தங்கின குகையும், குன்னு மேல சிலுவைக் கோயிலும், ரெண்டு பக்கமும் தண்ணியும் உள்ள ஊரு. கப்பல் மாதிரியே மாதாவுக்குக் கோயில் கட்டின உவரியைக் காணோம். செக்கச் செவேல்னு கிடக்குத தேரிக்காட்டைக் காணோம். உடன்குடியைக் காணோம். உடன்குடியில யார் இருக்கான்னு உன் அம்மையைக் கேளு.

தீர்ப்பு இதுதான். இந்தத் தையில கோடியக்கரை வரைக்கும் மட்டும் போ. ஒரு நாளைக்கு ரெண்டு ஊருக்கு மேல வேண்டாம், சாயங்காலம் எந்த ஊரா இருந்தாலும் கடக்கரையில சும்மா இரு. அடுத்த தையில ராமநாதபுரத்துல தொடங்கிக் கன்னியாகுமரியில முடி. அப்ப உடன்குடியில ரெண்டு நாளு எழுதிக்கோ, நிமிஷக் கணக்கு வேண்டாம். கருப்பட்டி பத்துக் கிலோ நானே நல்லதாப் பாத்து வாங்கி வைக்கேன். துட்டை மட்டும் இப்பவே அனுப்பிரு.