வாளியப்பன்

இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பு தட்டுப்படும் இடத்தில், எனக்கு ஒரு கத்தரிக்காய் காய்த்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்ட அடி. முதல் நாள் சிவப்பு, மறுநாள் கருநீலம், இப்போது ஓரங்களில் மஞ்சள் தட்டுகிறது. காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் என்னை விட்டுவிடுங்கள், காலைத் திட்டுங்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொன்னால் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது உங்களுக்கே விளங்கும். அதற்கு முன்னால் ஒன்று.

டாலஸுக்கு வடக்கே எங்கள் பக்கத்து சாஃப்ட்பால் மைதானங்களில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இன்னிங்ஸுக்கு ஒரு தடவையாவது பெருமூச்சு விட்டாக வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் இந்தக் கலையில் தேர்ந்தவர். "நேத்துதான் டயப்பர் மாத்தின மாதிரி இருக்கு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாரானால் அடுத்த மூன்று அவுட் வரைக்கும் ஓடும். தமிழில் நமக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. "அதுக்குள்ள வளர்ந்துட்டாளே!" முடிந்தது. நானும்தான் சொல்கிறேன், நீங்களும்தான் சொல்கிறீர்கள்.

எதுக்குள்ள? என் மகளுக்கு 12 வயது. கும்பகோணத்தில் ஒரு மகாமகம் முடிந்து அடுத்த மகாமகம் வருகிற காலம். குறிஞ்சியும் அத்தனை வருஷம் எடுத்துக்கொண்டுதான் பூக்கிறது; அதைப் பார்த்து யாரும் "அதுக்குள்ள பூத்துடுச்சே" என்று மூக்கைச் சிந்துவதில்லை. அவள் பிறந்த வருஷம் வாங்கிய வீட்டுக் கடனை நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது மட்டும் அதுக்குள்ள முடியமாட்டேன் என்கிறது.

சரி, செவ்வாய்க்கிழமை. மகள் பிட்சர். பிட்சரைப் பெற்றவன் வாளியில் உட்கார வேண்டும் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். பயிற்சிப் பந்துகளைப் போட்டுவைக்கும் 5 காலன் பிளாஸ்டிக் வாளி, நம் கணக்கில் ஏறக்குறைய 19 லிட்டர். மூடியின் மேல் ஒரு மெத்தை. அதில் குந்தி, கையுறையை நீட்டி, மகள் வீசுவதையெல்லாம் பிடிக்க வேண்டும். அப்படிக் குந்துகிறவனுக்கு 'பக்கெட் டாட்' என்று பெயரே இருக்கிறது. தமிழில் வாளியப்பன். போனில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "யாரு, பாத்திரக்கடை வள்ளியப்பனா? அவரு போய்ச் சேந்து நாலு வருஷமாச்சேப்பா" என்றாள்.

வாளியை லேசாக நினைக்காதீர்கள். புதுக்கோட்டையில் எங்கள் தெருக்குழாய் வரிசைக்கு ஆள் வர வேண்டியதில்லை, வாளி வந்தால் போதும். விடிகாலை நாலு மணிக்கு அதை நிறுத்திவிட்டுப் போய்த் தூங்கலாம். ஒருவர் வாளியை இன்னொருவர் நகர்த்தினால் மூன்று தலைமுறைக் கதை நடுத்தெருவுக்கு வந்துவிடும். கவிழ்த்துப் போட்டால் பரணில் ஏற முக்காலி. கரண்ட் போனால் மெழுகுவத்திக்கு மேடை. கிணற்றில் விழுந்துவிட்டால் பாதாளக்கரண்டி இரவல் வாங்கி, தெருவே கூடி நின்று எட்டிப் பார்க்கும். மனிதர்கள் காணாமல் போனபோதுகூட எங்கள் தெருவில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பந்தி. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பையன் வளர்ந்துவிட்டானா என்பதை அவன் கையில் எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முதலில் தண்ணீர் டம்ளர். அடுத்த கல்யாணத்தில் உப்பு. அப்புறம் அப்பளம், நொறுங்கினாலும் நஷ்டமில்லை என்று கொடுப்பார்கள். பொரியலுக்குக் கொஞ்சம் கை நிதானம் வேண்டும், எனக்கு இரண்டு வருஷம் பொரியலிலேயே ஓடியது. அதையெல்லாம் தாண்டித்தான் சாம்பார் வாளி. கொதிக்கிறதைத் தூக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பட்டு வேட்டிகளின் நடுவே ஒரு பொட்டுச் சிந்தாமல் வர வேண்டும். ரசவாளி அதற்கும் மேலே. சாம்பாராவது சோற்றில் நிற்கும், ரசம் இலையை விட்டே ஓடும். அது பெரியப்பாவின் தனி இலாகா. அவர் இருக்கிறவரை யாரும் அதைத் தொட்டதில்லை. மோருக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், அதற்குள் பாதிப் பந்தி எழுந்துவிடும். எங்கே விட்டேன்? சாம்பார். எனக்கு அது 17 வயதில் வந்தது, சின்ன அத்தை கல்யாணத்தில். நான் வாளியோடு வருவதை அப்பா பார்த்தார். பெருமூச்சு விடவில்லை. கண் கலங்கவில்லை. இலையைக் காட்டி, "கத்தரிக்காயா பாத்துப் போடு" என்றார்.

என் மகள் விஷயத்தில் வளர்த்தி அடிக்கணக்கில் நடக்கிறது. 10 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 35 அடி. பந்தின் சுற்றளவு 11 அங்குலம். 12 வயதுப் பிரிவில் 40 அடி, 12 அங்குலம். 14 வயதுப் பிரிவில் 43 அடி. அதற்கு மேல் நாடாவை இழுக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பெண்களுக்கும் 43தான். 2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறதே, அங்கேயும் அதே 43. ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, ஷூ லேஸை இன்னும் ஒழுங்காகக் கட்டாத பிள்ளை, தூரக்கணக்கில் ஒலிம்பிக்ஸ் பெண்மணி ஆகிவிட்டாள்.

35 அடி நாட்களில் வாளியில் உட்கார்ந்தபடியே காபி குடிப்பேன். பந்து கிளம்பி, வானத்தைப் பார்த்துவிட்டு, யோசித்து யோசித்து வந்து சேர்வதற்குள் டம்ளரைக் கீழே வைத்துக் கையுறை மாட்டிக்கொள்ளலாம். இப்போது மணிக்கு 50 மைல். கையை விட்டுக் கிளம்பினால் அரை விநாடி. அவள் கை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றுகிறது, இடுப்போரம் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது, அப்புறம் எனக்குக் கால் வலிக்கிறது.

"சாரிப்பா, அது டிராப் பால்."

"சொல்லிட்டுப் போடக் கூடாதா பாப்பா?"

"சொல்லிட்டுப் போட்டா பேட்டருக்கும் தெரிஞ்சிடுமே."

"இங்க ஏதுடி பேட்டர்?"

அவள் பதில் சொல்லவில்லை. கிட்டே வந்து, குனிந்து, என் காலைப் பார்த்தாள். "இனிமே கோச்சே புடிக்கட்டும்பா. உங்களுக்கு அடி பட்டுடும்" என்றாள். வயசான பாட்டியை ரோட்டைத் தாண்டிவிடுகிறவர்கள் பேசுவார்களே, அந்தக் குரல். பந்துகூட இவ்வளவு வலிக்கவில்லை.

இதற்குப் பெயர் சாஃப்ட்பால். மென்பந்தாம். 1887-ல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பில், யேல்–ஹார்வர்டு ஆட்டத்தின் முடிவுக்காகக் கூடியிருந்த ஆண்கள், பொழுது போகாமல் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டித் துடைப்பக்கட்டையால் அடிக்கப் போய்ப் பிறந்த விளையாட்டு. கையுறை மென்மையாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆண்களில் யாரையும் பெற்ற மகள் முழங்காலில் அடித்திருக்க மாட்டாள்.

12 வயதுப் பிள்ளைக்கு 14 வயதுப் பிரிவில் என்ன வேலை என்று உங்களில் கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்பீர்கள். கேட்காமல் இருந்திருக்கலாம். நான்தான் தள்ளினேன். இன்னும் ஒரு வருஷம் அவள் நிம்மதியாக 40 அடியில் நின்றிருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரர் தன் மகளை மேலே தள்ளினார், நானும் தள்ளினேன். ஆமாம், டயப்பர்க்காரர்தான். இப்படித்தான் பத்து வயதில் தனிப் பயிற்சி, ஊரில் பாவாடைக்கு டக் வைத்துத் தைப்பது போல "வளர்ற புள்ளதானே" என்று ஓர் அங்குலம் கூடுதலாக ஒரு பேட், அதற்கு 350 டாலர். அவள் அந்தப் பேட்டின் உயரத்துக்கு வளர்ந்ததும் "அதுக்குள்ள!" என்று வாயைப் பிளந்தவனும் நான்தான்.

டயப்பர்க்காரர் இன்னும் தெளிவானவர். கல்லூரிக் கோச்சுகள் 11-ஆம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன்னால் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்று 2018-ல் விதி வந்தது. அதற்கு முன்பெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே நிச்சயதார்த்தம் மாதிரி வாக்குக் கொடுத்துவிடுவார்கள். இவர் மகளுக்கு அந்த செப்டம்பர் வர இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பின்னணி இசையோடு வீடியோ தயார். 2024-ல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிட்சர் நைஜாரி கனடிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் என்று செய்தி வந்ததிலிருந்து இந்த வட்டாரத்து வாளிகளுக்கே கிறுக்குப் பிடித்திருக்கிறது. "எதுக்குங்க இப்பவே?" என்று கேட்டேன். "நாலு வருஷம் எப்படிப் பறக்கும்னு நினைக்கிறீங்க?" என்று பெருமூச்சு விட்டார். மனிதர் டிக்கெட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ரயில் கிளம்பிவிட்டதே என்று அழுகிறார். நான் அதே பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் வேலியைப் பார்த்தீர்களானால், கடைசி வருஷப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆளுயர ஃபிளெக்ஸ். காதணி விழா ஃபிளெக்ஸ்களிடமிருந்து தப்பித்துக் கடல் தாண்டி வந்தேன் என்று நினைத்திருந்தேன். 'வாழ்த்தும் தாய்மாமன்கள்' வரிசை மட்டும்தான் இங்கே பாக்கி.

செவ்வாய் ராத்திரி வாளியைக் கொண்டுபோய் கேரேஜில் வைத்தேன். மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்க்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நொண்டினேன்.

"என்னங்க, அந்த பக்கெட்டு இனிமே சும்மாதானே இருக்கும்? கறிவேப்பிலைக்குத் தொட்டி பத்தல. அடியில நாலு ஓட்டை போட்டுக் குடுங்க. போன மார்கழியில முழங்கால் உசரந்தான் இருந்துச்சு, அதுக்குள்ள பாருங்க!"

டிரில் பிட்டைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். காணோம் என்றால், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

சனிக்கிழமை வாளியைக் காரில் ஏற்றியபோது மகள், "அதெதுக்குப்பா?" என்றாள். உட்கார என்றேன். "சேர் இருக்கே?" எனக்கு இதுதான் வசதி என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இயர்போனை மாட்டிக்கொண்டாள். மைதானத்தில், மடக்கு நாற்காலிகளின் வரிசையில், என் தலை மட்டும் ஓரடி கீழே தெரிந்தது. டயப்பர்க்காரர் பிடறியைத் தட்டிக்கொடுத்தார். நாலு இன்னிங்ஸ் நல்லபடியாகத்தான் போனது.

ஐந்தாவது இன்னிங்ஸ். இரண்டு அவுட். மூன்றாவது பேஸில் அவர்கள் ஆள். பேட்டர் என்னைவிட உயரம். என் மகள் பந்தைக் கையுறைக்குள் மறைத்து, விரலை மாற்றிப் பிடிக்கிறாள். நாலு வருஷம் வாளியில் உட்கார்ந்தவனுக்கு அந்த விரல் தெரியாதா? டிராப் பால். நான் எழுந்து...

இருங்கள். கேரேஜிலிருந்து குரல் வருகிறது.

"என்னங்க! டிரில் பிட் கிடைச்சிடுச்சு!"