சிறு பாய்மரப் படகின் கியர்பாக்ஸில் எண்ணெய் மாற்றுதல்: நிறம், அளவு, உடல்வளைவு குறித்த ஓர் ஆய்வு

பாய்மரப் படகு காற்றால் மட்டுமே செல்கிறது என்பது கரையில் நிற்போர் கொள்கை. துறைமுகத்துள் நுழையவும், காற்று ஓய்ந்த பிற்பகலில் கரை சேரவும் முப்பதடிப் படகின் வயிற்றில் ஒரு டீசல் என்ஜின் உண்டு. அதன் பின்புறம் முன்னே, பின்னே, நடுநிலை ஆகிய மூன்றை மட்டுமே அறிந்த கியர்பாக்ஸ் ஒன்று உண்டு. யான்மார் நிறுவனத்தின் சிறிய என்ஜின்களோடு வரும் கே.எம்.2பி என்னும் பெட்டி கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர், அதாவது ஒரு பெரிய டம்ளர் மோர். இத்துணைச் சிறிய பொருளுக்கு ஆய்வு எதற்கு என வினவுவோர் அதை மாற்றிப் பார்த்தவர் அல்லர்.

எந்த எண்ணெய் என்பதே முதற்சிக்கல். இதில் இரு சமயங்கள் உள. கே.எம்.2பி கூம்பு வடிவக் கிளட்ச் உடையது. அதற்கு என்ஜினில் ஊற்றும் ஆயிலே விதிக்கப்பட்டுள்ளது. ஜெர்மானிய ஹூர்த் பெட்டிகளில் கிளட்ச் பல தட்டுகளால் ஆனது. அவற்றுக்கு உரியது காரின் தானியங்கி கியர்களில் ஊற்றும் சிவப்பு எண்ணெய். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றுவோர் சமரச நோக்கினராக இருக்கலாம், கிளட்ச் அப்படியன்று. 1970களின் தொடக்கம் வரை இச்சிவப்பு எண்ணெயில், உராய்வைச் சீராக்க, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. அவ்வினத்தைக் காக்க அமெரிக்கா சட்டம் இயற்றியபின் வேதியியலார் மாற்று கண்டனர். எண்ணெய் மாற்றுவோர்க்கு இச்செய்தி எவ்வகையிலும் உதவாது. ஆயினும் ஆய்வுக் கட்டுரையில் உதவாத செய்தி ஒன்றேனும் இருத்தல் மரபு.

புதிய பெட்டியில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உலோகத்தூள் உதிரும். ஆதலால் முதல் மாற்றம் விரைவில் வரும். யான்மார் வைக்கும் வரம்பு 50 மணி ஓட்டம். பிறகு ஆண்டுக்கொருமுறை என்பது பொதுவழக்கு. குளிர்நாடுகளில் படகைக் கரையேற்றும் இலையுதிர்காலமே அதற்கு ஏற்றது. ஈரம் கலந்த பழைய எண்ணெய் பனிக்காலம் முழுதும் உள்ளே கிடக்கலாகாது.

இனி உடல்வளைவு. பெட்டியின் அடியில் வடிகால் திருகு இருப்பதாகக் கையேட்டுப் படங்கள் காட்டுகின்றன. திருகு உண்மையில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு தட்டு வைக்க இடந்தான் இல்லை. படகைக் கட்டியோர் அங்கே அடித்தளத்தை வைத்துவிட்டனர். எனவே மேலே, எண்ணெய் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் துளை வழியாக மெல்லிய குழாயை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சுவதே நடைமுறை. முன்னதாக என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் இளகி எளிதில் ஏறும். அதே பத்து நிமிடத்தில் புகைக்குழாயும் சூடேறும். முழங்கை அதை எப்படியும் கண்டுபிடித்துவிடும். செய்பவர் தலைகீழாகத் தொங்கி, ஒரு கையை என்ஜினைச் சுற்றிச் செலுத்தி, டார்ச் விளக்கைப் பற்களால் கவ்வுகிறார். மேல்தளத்திலிருந்து “இன்னும் முடியலையா?” என்ற குரல் வருவது செய்முறையின் பகுதியன்று, எனினும் தவறாமல் வருகிறது. பற்களில் டார்ச் இருப்பதால் விடை சொல்ல இயலாது.

வெளிவந்த எண்ணெயின் நிறம் ஒரு வாக்குமூலம். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் வழுக்குகிறது. பாய் விரித்துச் செல்கையில் லீவரை முன் கியரிலேயே விட்டுவைப்பது இதற்கு ஒரு காரணம். நீரோட்டம் புரொப்பெல்லரைச் சுழற்றப் பார்க்கும், கிளட்ச் தேயும். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. ஆயில் சீலோ, குளிர்விப்பான் இருப்பின் அதுவோ குற்றவாளி. மென்மையான சாம்பல்நிறத் தூள் மன்னிக்கத்தக்கது; செதில்கள் அல்ல.

புதிய எண்ணெயை ஊற்றியபின் எழுவது அறிஞரைப் பிளக்கும் வினா: டிப்ஸ்டிக்கைத் திருகி அளப்பதா, வைத்து அளப்பதா? மேற்சொன்ன இரு சமயத்தாரும் ஒன்றுபடும் ஒரே இடம் இது: திருகாமல், துளைவாயில் இருத்தியே அளத்தல் வேண்டும். திருகினால் கம்பி புரியின் நீளத்துக்கு ஆழமாக இறங்கும். இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் காட்டும். பெட்டி அரைப்பட்டினியில் ஓடும். அதற்காக அளவுக்கு மேல் ஊற்றினாலோ நுரைத்துச் சூடேறி சீல் வழியே கசியும். அளந்தபின் இறுகத் திருகிவிட வேண்டும் என்பதை இரு தரப்பாரும் சொல்கின்றனர், சிலர் மறக்கின்றனர்.

சிந்துவது உறுதி. அதை உறிஞ்ச இதுகாறும் அறியப்பட்டவற்றுள் சிறந்த கருவி குழந்தைகளின் டயாப்பர். பெட்டியின் கீழ் விரித்தால் போதும். அமெரிக்காவில் 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள என்ஜின் படகுகளில், எண்ணெயை நீரில் விடலாகாது என்னும் 5க்கு 8 அங்குல அறிவிப்புப் பலகை என்ஜின் அறையருகே இருத்தல் சட்டம். தலைகீழாகத் தொங்குபவர் அதைத் தலைகீழாகப் படிக்கலாம்.

பின்னர், கட்டிய கயிறுகளை அவிழ்க்காமலே என்ஜினை ஓட்டி, முன்னும் பின்னும் கியர் மாற்றி, நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் அளத்தல் வேண்டும். பழைய எண்ணெய் மூடியிட்ட கலத்தில் துறைமுகத்தின் கழிவெண்ணெய்த் தொட்டிக்குச் செல்லும். தேதி, என்ஜின் ஓடிய மணிக்கணக்கு, ஊற்றிய எண்ணெயின் வகை ஆகியவை பதிவேட்டில் ஏறும். வகையை எழுதாது விட்டால், படகை அடுத்து வாங்குபவர் ஒரு சொட்டை விரலில் தேய்த்து, நிறம் பார்த்து, சமயத்தைத் தாமே ஊகிக்க நேரும்.