சோப்பு டப்பா பவர் பேங்க்

வீட்டில் பவர் பேங்க் செய்ய முதலில் வேண்டியது 18650 லித்தியம் செல்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். மலிவு செல்லின் உறையில் 9,900 எம்.ஏ.எச். என்றிருக்கும், இந்த அளவில் நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் தரும். மீதியெல்லாம் அச்சு மை.

அடுத்து, 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தும் டிபி4056 பலகை. பிறகு, 3.7 வோல்ட்டை 5 ஆக ஏற்றும் பூஸ்ட் பலகை. அது தன் ஏற்றுக்கூலியை வெப்பமாகப் பிடித்துக்கொள்ளும். செல்லில் நேரடியாக ஈயம் பற்றவைத்தால் செல் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். அந்தக் கருவியின் விலைக்குக் கடையில் பவர் பேங்கே கிடைக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் சோப்பு டப்பாவில் அடைக்க வேண்டும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போகலாம். ஒயர் துருத்திய டப்பாவைப் பாதுகாப்பு அதிகாரிக்கு விளக்குவது செய்தவர் பாடு.