செல்போனில் கடை விரிப்போம்!

கேள்வி: சென்னிமலைப் போர்வை விற்கிறேன். வாட்ஸ்அப்பில் தினமும் பத்துப் படம் அனுப்பியும் வியாபாரம் சூடுபிடிக்கவில்லை. பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பணம் கட்டுமுன் ஒன்றைப் பாருங்கள், சகோதரி! வாட்ஸ்அப் 'பிராட்காஸ்ட்' பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தினமும் பத்துப் படம் வந்தால் முதல் நாள் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் பிளாக் செய்வார்கள். வாரம் ஒன்று போதும். அதில் போர்வையின் நீள அகலம், சாயம் போகுமா, விலை என்ன எல்லாமே இருக்கட்டும். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால், அந்த அழைப்பு பக்கத்துக் கடைக்குத்தான் போகும்! இவற்றையெல்லாம் படத்தோடு அடுக்கிக் காட்ட, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் வசதி 2019-லேயே வந்துவிட்டது, இலவசம்தான்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கவும் காசில்லை. யாராவது குறை எழுதினால் மரியாதையாகப் பதில் போடுங்கள். அதைப் படிப்பவர் அடுத்து வாங்கப்போகிறவர்.

இவ்வளவும் செய்தபின், சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் சின்னத் தொகையில் விளம்பரம் கொடுங்கள். எது விற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.