எந்தப் படம், தம்பி?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அப்போது ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. 60 நிமிட கேசட்டும் துண்டுச் சீட்டில் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால், மூன்றாம் நாள் பதிந்து கையில் தருவார் அண்ணாச்சி. ஆனையூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். கேசட் அட்டையில் சிவப்பு மையால் அவரே கோடு போட்டு இரண்டு கட்டம் பிரிப்பார். ஒன்றில் பாட்டு, இன்னொன்றில் படம். பாடியவருக்குக் கட்டம் கிடையாது.

‘காதலன்’ படத்துப் பேட்டை ராப்பைப் பாடிய சுரேஷ் பீட்டர்ஸ், ‘மின்னல்’ என்று தனியாக ஓர் ஆல்பம் போட்டிருந்தார். அதிலிருந்து ஒரு பாட்டை லிஸ்ட்டில் சேர்த்துவிட்டேன். அண்ணாச்சி பேனாவை நிறுத்தினார்.

“எந்தப் படம், தம்பி?”

“படம் இல்லண்ணாச்சி. ஆல்பம்.”

“படமே இல்லாம பாட்டு எதுக்குத் தம்பி?”

படம் என்ற கட்டத்தில் ‘ஆல்பம்’ என்று எழுதிக் கொடுத்தார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக 1986-ல் இளையராஜா போட்ட ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டைக்கூட அவர் இங்கிலீஷ் படங்களோடுதான் அடுக்கியிருந்தார். அதில் வாய்ப்பாட்டு கிடையாது என்று சொன்னேன். “பேக்ரவுண்டு மியூசிக்கா?” என்றார்.

இப்போது ஆனையூர் மாநகராட்சி. 2011-ல் சேர்த்தார்கள். கேசட்டுக்கு டவுனுக்குப் போக வேண்டியதில்லை. ஆல்பமே எங்கள் மொட்டைமாடித் தகர ஷெட்டில் தயாராகிறது. தயாரிப்பவன் என் அக்கா மகன். சுவரெல்லாம் முட்டை அட்டை. எதிரொலியைக் குறைக்குமாம். முட்டைக் கடைக்காரர் நாங்கள் ஆம்லெட் கடை போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பாடும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொள்வான். சித்திரை மாதத்தில். பாதிப் பாட்டில் கூடல்நகர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஹாரன் அடிக்கும். போர்வைக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரு பாட்டில் மட்டும் ஹாரன் சுதியோடு சேர்ந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டான்.

“இது என்னடா வகை?” என்று கேட்டேன்.

“பவர் பாப், மாமா. கிட்டார் முறுக்கா இருக்கும், மெட்டு இனிப்பா இருக்கும்.”

1967-லேயே ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் சொன்ன பெயராம். இவனுக்குக் குலதெய்வம் எமிட் ரோட்ஸ். கலிபோர்னியாவில் அப்பா அம்மா வீட்டு ஷெட்டில், 20 வயதில், எல்லா வாத்தியமும் தானே வாசித்து 1970-ல் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டவர். பிறகு ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம் என்ற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டார். 1973-ல் வந்ததற்கு அடுத்த ஆல்பம் 2016-ல்தான் வந்தது. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

தமிழிலும் படமில்லாப் பாட்டு ஓடாமல் இல்லை. ஹிப்ஹாப் தமிழா 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ போட்டார்கள். 2021-ல் ‘என்ஜாய் எஞ்சாமி’ டீக்கடை வரைக்கும் வந்தது. ஆனால் ஹிப்ஹாப் தமிழாவை நாம் சும்மா விட்டோமா? பிடித்து இசையமைப்பாளர்களாக்கி, அவர்களில் ஒருவரை ஹீரோவும் ஆக்கிவிட்டோம். பாட்டுக்குப் படம் கிடைக்காவிட்டால் பாடியவனையே படமாக்கிவிடுவது நம் ஊர் வழக்கம்.

ஆல்பம் வெளியான அன்று அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். “பையன் ஆல்பம் போட்டிருக்கான்.” எதிர்வீட்டு அம்மா முகம் சுருங்கிவிட்டது. “கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவே இல்லையே?” விஷயத்தை விளக்கியதும் நிம்மதியாகி, ஒரு வாய் கேசரி போட்டுக்கொண்டு கேட்டார்: “எந்தப் படம்?”

வருடத்துக்கு ஆயிரம் முறையாவது ஓடாத பாட்டுக்குக் காசு கிடையாது என்று 2024-ல் ஸ்பாட்டிஃபை விதி கொண்டுவந்தது. ஹாரன் அடிக்கும் பாட்டு நேற்று ராத்திரி வரை 611. அதில் நாற்பது என் போனில் ஓடியது.